கையில் பந்து

யங்ஸ்டவுனில் இரும்பாலை மூடிய பிறகும்
அந்தத் தெருவில் மூடாத கதவு எங்களுடையது.
சனிக்கிழமை ஒன்பது பந்து ஆட்டம்,
நுழைவுக்கு இருபது டாலர், காப்பி இலவசம், குடிக்க முடியாது.
நடுவர் நான், வெரோனா ஹ்லாவட்டி.
பகலில் ஒரு பல் மருத்துவருக்குக் கணக்கு எழுதுகிறேன்.
இரவில் பிறர் தவறுகளுக்குப் பெயர் சொல்கிறேன்.

என் விதிப் புத்தகம் சரியாக மூடாது.
திருத்தம் வரும்போதெல்லாம் ஒரு சீட்டு ஒட்டுவேன்,
ஓரத்தில் மட்டும் பசை.
தூக்கிப் பார்த்தால் அடியில்
போன விதி படுத்திருக்கும், வெளிச்சம் படாத தோல்போல் வெளுத்து.

தொண்ணூற்று நான்கு மார்ச்சில் டெல்பர்ட் ஹ்ரூஷ்கா வந்தான்.
பதினாறு ஆண்டு எங்கே இருந்தான் என்று
ஊருக்கே தெரியும், அதனால் யாரும் கேட்கவில்லை.
சட்டையின் மடிப்புக்கூட இன்னும் கடையில் மடித்தபடி.
கோலை எடுத்தான், கண்ணருகே வைத்து
நீளம் பார்த்தான். கை மறக்கவில்லை.

எதிரே ட்ரமெய்ன், பத்தொன்பது வயது,
டெல்பர்ட் உள்ளே போனபோது மூன்று.

நான்காவது அடி. மூன்றாம் எண் பந்து
எட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.
டெல்பர்ட் நிமிர்ந்து, மரியாதையாக, "புஷ்" என்றான்.
வெள்ளையை மெல்ல ஒரு மூலைக்கு உருட்டிவிட்டு
"நீ அடிக்கிறாயா, நானே அடிக்கட்டுமா" என்று
பையனைப் பார்த்தான்.

ஒரு காலத்தில் அது நாகரிகம்.
எந்த அடியிலும் சொல்லலாம், இரண்டு பேரும் பேரம் பேசலாம்,
ஒரு ரேக் முடிய ஒரு மணி நேரம் ஆகும்,
பந்தயக்காரர்கள் சாண்ட்விச் வாங்கப் போய்வருவார்கள்.
இப்போது உடைப்புக்கு அடுத்த அடியில் மட்டும்.
மற்றபடி அது ஃபவுல்.
சொன்னேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ட்ரமெய்ன் வெள்ளைப் பந்தைக் கையால் தூக்கினான்.
கையும் களவுமாக அகப்பட்டவன்போல் இல்லை,
கடையில் ஆப்பிள் பொறுக்குகிறவன்போல.
டெல்பர்ட்டின் தோள் ஒரு முறை குலுங்கியது.
ஆட்டத்தின் நடுவே பந்தைத் தொடுவதா?
யாராவது எழுந்து கூச்சலிட வேண்டாமா?
சுற்றிலும் பார்த்தான்.
பெஞ்சில் ஒருவன் நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"எப்போது மாற்றினார்கள்?"
"எண்பதுகளில். கொஞ்சம் கொஞ்சமாக."
"உள்ளே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை," என்றான்.
குற்றம் சாட்டவில்லை. தகவல்போலச் சொன்னான்.
உள்ளே ஒரு மேசை இருந்ததாம்,
பச்சைத் துணிக்குப் பதில் கம்பளி,
சாக்குக்குப் பதில் சுவர்ச் சுண்ணாம்பு,
எழுபத்தெட்டின் விதி.
இரண்டு ஃபவுல் வரை மன்னிப்பு.

வேறென்ன மாறியது என்று கேட்டான்.
கேட்டால் சொல்லலாம், கேட்காமல் சொல்லக் கூடாது,
அதுவும் விதிதான்.
தவறி விழுந்த பந்து இனி மேசைக்குத் திரும்பாது, ஒன்பதைத் தவிர.
வெள்ளை குழியில் விழுந்தால்
எதிராளி அதை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.
"எங்கு வேண்டுமானாலுமா?"
எங்கு வேண்டுமானாலும்.
ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், அது மாறவில்லை என்றேன்.
குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.

ஆறாவது ரேக்கில் ட்ரமெய்னின் வெள்ளை
நடுக்குழியில் விழுந்தது.
மேசை முழுவதும் இப்போது டெல்பர்ட்டுடையது.
ஒன்று, குழியின் வாயில் தொங்குகிறது.
பக்கத்தில் வைத்துத் தொட்டால் போதும், குழந்தைகூட முடிக்கும்.

அவன் பந்தை எடுத்தான், சட்டையில் துடைத்தான்,
அந்தக் கோலாகலமான வெளியைத் தாண்டி
மேசையின் கோடிக்கு நடந்தான்,
ஆட்டக்காரர்கள் அடுக்களை என்று அழைக்கும் அந்தக்
கோட்டுக்குப் பின்னால்,
கோட்டிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி,
வைத்தான்.

என்னைப் பார்த்தான்.
"இங்கே வைக்கலாமா?"

புத்தகத்தைத் திறக்காமலே சொன்னேன்,
வைக்கலாம்.

நீள அடி. ஒன்று போனது.
வெள்ளை எங்கே நிற்குமென்று பார்க்க
நாங்கள் மூவரும் குனிந்திருந்தோம்.